தேங்கிய தண்ணீரில் ஒரு பூந்தோட்டம்!



உங்கள் வீட்டில் குளிக்கிற தண்ணீரும், பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் எங்கே போகின்றன? கொல்லைப்புறம் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். குட்டை போலத் தேங்கி நிற்கிறதா? அப்படியானால், உங்களுக்கு உதவ ஒரு பூச்செடி காத்திருக்கிறது. அதன் பெயர் கல்வாழை.

நான் ஆசிரியராக இருந்த ஒரு கிராமத்துப் பள்ளியின் குழாயடி எப்போதும் சேறாகவே கிடக்கும். மதியம் தட்டு கழுவும் தண்ணீரும் அங்கேதான் தேங்கும். கொசுக்கடி தாங்காமல், பிள்ளைகள் காலைச் சொறிந்துகொண்டே பாடம் கேட்பார்கள்.

ஒருநாள், ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் பாட்டி வீட்டிலிருந்து கல்வாழைக் கிழங்குகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு வந்தான். "ஈரத்துல நல்லா வரும் சார்!" என்றான். நானும் யோசிக்காமல், சேற்றின் நடுவிலேயே நடச் சொல்லிவிட்டேன். பத்தே நாளில் அத்தனையும் அழுகிப் போயின. பையன் முகம் வாடிவிட்டது. தப்பு என்னுடையதுதான்!

விஷயம் தெரிந்து பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். "என்ன வாத்தியாரய்யா, ஈரம் பிடிக்கும்னா மூச்சு முட்ட முக்கியா வைக்கிறது? ஓரத்துல மேடு கட்டி நடுங்க. வேரு தானா தண்ணியைத் தேடிப் போகும்" என்றார்.

அப்படியே செய்தோம். பள்ளத்தில் உடைந்த செங்கல்லையும் மணலையும் போட்டு நிரப்பினோம். சுற்றிலும் மேடு கட்டி, புதுக் கிழங்குகளை நட்டோம். மூன்றாம் மாதம், குழாயடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள்! தண்ணீர் தேங்குவதும் நின்றது, கொசுவும் குறைந்தது.

காரணம் இதுதான். கொசு முட்டையிட்டு, புழுவாகி, பறந்து போக 7 முதல் 10 நாள் தேங்கிய தண்ணீர் போதும். தண்ணீரை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் கொசுவுக்கு வீடு இல்லை. இறங்கும் தண்ணீரைக் கல்வாழை வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும். வேரைச் சுற்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். பல நாடுகளில் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் படுகைகளில் கல்வாழையை நடுவது இதனால்தான்.

இதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகள். வாழை, இஞ்சி, மஞ்சள் எல்லாம் இதற்குத் தூரத்துச் சொந்தம். இலை வாழை போல, விதை கல் போல! பூவில் இன்னொரு வேடிக்கை. நாம் இதழ் என்று நினைப்பவை இதழ்களே அல்ல. அகன்று விரிந்த மகரந்தத் தாள்கள். உண்மையான இதழ்கள் அடியில் சிறியதாக ஒளிந்திருக்கும்.

நடுவது எப்படி?

* நல்ல வெயில் படும் இடமாகப் பாருங்கள்.

* முளைக் கண் உள்ள கிழங்குத் துண்டை, கண் மேலே பார்க்கும்படி 4 அங்குல ஆழத்தில் நடுங்கள். துண்டுக்குத் துண்டு ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்.

* முளை வரும்வரை மண் ஈரமாக இருந்தால் போதும். செடி வளர்ந்த பிறகு கழிவுத் தண்ணீரைத் திருப்பிவிடலாம்.

* பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள். பக்கத்தில் புதுத் தண்டு கிளம்பும். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் பூக்கும்.

* இலை சுருண்டிருந்தால் பிரித்துப் பாருங்கள். உள்ளே புழு இருந்தால், அந்த இலையைக் கிள்ளி எறியுங்கள்.

கழிப்பறைத் தண்ணீரையும், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீரையும் இதற்கு விடக்கூடாது. பள்ளம் வெட்டும்போது பெரியவர்களைத் துணைக்கு அழையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கிழங்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். கல்வாழை வைத்திருப்பவர்களிடம் கேட்டால், வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். நாளைக்கு உங்களிடம் யாராவது கேட்டால், நீங்களும் கொடுங்கள். அந்தப் பாட்டி எங்களுக்குக் கொடுத்தது போல!