மூளை இரத்தக்குழாய் அறுவை மருத்துவமும் அழற்சிக் குறியீடுகளும்

அழற்சிக் குறியீடுகள் என்பவை உடலில் அழற்சி ஏற்படும்போது இரத்தத்தில் அளவு மாறும் பொருள்களும் அணுக்களும் ஆகும். மூளை இரத்தக்குழாய் குமிழ்போல் புடைத்து வெடித்தவர்களுக்கு அறுவை மருத்துவம் செய்தபின், தொற்றைக் கண்டறியவும் தேறுதலைக் கணிக்கவும் இவை துணைபுரிகின்றன.

முதன்மைக் குறியீடுகள்

சி-எதிர்வினைப் புரதம் (சி.ஆர்.பி.) 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் பிரான்சிஸ் ஆகியோரால் கண்டறியப்பட்டது. இன்டர்லியூக்கின்-6 என்னும் புரதம் தூண்டும்போது கல்லீரல் இதனை மிகுதியாக உண்டாக்குகிறது. நலமாக உள்ளவரிடம் இது பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்கும். இதன் அரை ஆயுள் ஏறத்தாழ 19 மணி நேரம். எனவே தூண்டுதல் நின்றால் அளவு விரைவில் இறங்கும்.

மற்றொன்று நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம். இதைச் சாதாரண இரத்த அணுக்கள் பரிசோதனையிலிருந்தே கணக்கிடலாம். ஒரு மைக்ரோலிட்டரில் நியூட்ரோபில்கள் 8,000, லிம்போசைட்டுகள் 1,000 எனில் விகிதம் 8 ஆகும். உடல் நெருக்கடியில் முன்னது கூடிப் பின்னது குறைவதால் இவ்விகிதம் உயர்கிறது.

மூளையில் நிகழ்வது

குழாய் வெடித்ததும் மூளை உறைகளுக்கிடையே இரத்தம் பரவுகிறது. அங்கே சிதையும் சிவப்பணுக்கள் அழற்சியைத் தூண்டுகின்றன. பெரும்பாலும் 4 முதல் 14 நாள்களுக்குள் மூளைத் தமனிகள் சுருங்கி, சிலருக்கு மீண்டும் மூளைப் பாதிப்பு ஏற்படலாம். இதைத் தடுக்க நிமோடிபின் என்னும் மருந்து தரப்படுகிறது.

நீண்டகாலத் தேறுதல்

தேறுதலை அளக்க, திருத்தப்பட்ட ரேங்கின் அளவுகோல் பயன்படுகிறது. இதில் 0 என்பது அறிகுறி ஏதும் இல்லாத நிலை. 6 என்பது இறப்பு. தொடக்க நாள்களில் அழற்சிக் குறியீடுகள் மிகுந்திருந்தவர்களிடம் சில மாதங்களுக்குப் பிந்தைய தேறுதல் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் இது தொடர்பே அன்றிக் காரணம் என நிறுவப்படவில்லை. கடுமையான இரத்தக்கசிவே குறியீட்டையும் உயர்த்தி, தேறுதலையும் குறைக்கக்கூடும்.

அளவைப் புரிந்துகொள்ளுதல்

மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவை மருத்துவமே சி.ஆர்.பி. அளவை உயர்த்தும். இரண்டு அல்லது மூன்றாம் நாளில் அது உச்சத்தை எட்டிப் பின்னர் இறங்குவது இயல்பு. ஆகவே ஒரு நாளின் உயர்ந்த அளவைக் கொண்டு நோயாளி தேறமாட்டார் என முடிவுசெய்வது தவறு. இறங்கிய அளவு மீண்டும் ஏறினால் நுரையீரல், சிறுநீர்ப்பாதை, அறுவைப் புண், மூளையுறை ஆகியவற்றில் தொற்று உள்ளதா என மருத்துவர்கள் தேடுவர். அனுமதிக்கப்பட்டபோது இருந்த நினைவுநிலை, வயது, கசிந்த இரத்தத்தின் அளவு ஆகியவற்றுடன் சேர்த்தே இக்குறியீடுகள் பொருள்கொள்ளப்படுகின்றன.