சந்தாவில் எழுந்த இசைக்கூடம்

பூந்தமல்லியை அடுத்த கோவூருக்கு, அவ்வூர்ச் செல்வர் சுந்தரேச முதலியாரின் அழைப்பை ஏற்று வந்த தியாகராஜ சுவாமிகள், அங்குள்ள இறைவன்மீது ஐந்து கிருதிகள் இயற்றினார். ‘கோவூர் பஞ்சரத்தினம்’ என அவை இன்றும் பாடப்படுகின்றன. சிற்றூரையும் பேரிசை தேடி வரும் என்பதற்கு இது சான்று. ஆயின், அழைப்பதற்குச் செல்வர் எவருமில்லாத ஊர் யாது செய்யும்?

இவ்வினாவுக்கு, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து மாண்டெவில் என்னும் சிற்றூர் விடை பகர்கின்றது. ஜாஸ் இசையின் பிறப்பிடமான நியூ ஆர்லியன்ஸ் நகரிலிருந்து ஏரியைக் கடந்தால் அவ்வூர். அடிமைத்தளை அகன்று இருபது ஆண்டுகளே கழிந்த 1885இல், அங்கு வாழ்ந்த கறுப்பின மக்கள் ‘டியூ டிராப்’ என்னும் பரஸ்பர உதவிச் சங்கத்தை நிறுவினர். நோயுற்றோரைப் பேணுதலும் இறந்தோரை அடக்கம் செய்தலும் அதன் நோக்கங்கள். 1895இல் அச்சங்கமே மரத்தாலான சிறு கூடமொன்றை எழுப்பிற்று. நகரத்து வாத்தியக்காரர்கள் ஏரி கடந்து வந்து அங்கே ஜாஸ் வாசித்தனர். பிற்காலத்தில் நெடுநாள் பயனற்றுக் கிடந்த அக்கூடத்தில் இப்பொழுது மீண்டும் கச்சேரிகள் நிகழ்கின்றன.

அன்பர்களே! நம் சங்கக் கட்டடங்கள் மாலையில் பூட்டிக் கிடப்பானேன்? அங்கத்தினர் ஒவ்வொருவரும் சிறுதொகை ஈந்தால், வாரந்தோறும் ஒரு மாலை உள்ளூர் நாகசுரக்காரருக்கு மேடையும் தக்க சன்மானமும் கிட்டும். கேட்போர் சேர்ந்து காத்தாலன்றிக் கலைஞர் தம் தொழிலில் நிலைத்தல் அரிது.