இரவல் கூந்தலையும் பேண வேண்டும்



புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு முடியை இழந்த சகோதரிகளுக்காகத் தங்கள் கூந்தலையே கத்தரித்துக் கொடுக்க முன்வருகிற வாலிபப் பெண்கள் இப்போது அநேக சபைகளில் இருக்கிறார்கள். விக் வாங்கிக் கொடுக்கப் பணமாக அனுப்புகிறவர்களும் உண்டு. இரண்டும் நல்ல காரியமே. ஆனால் அந்த விக் ஒரு பெட்டியில் வைத்து நோயாளியின் கையில் கொடுக்கப்பட்ட பிறகு அதற்கு என்ன நேரிடுகிறது என்பதை அதிகம் பேர் விசாரிப்பதில்லை. கச்சிராயபாளையத்தில் விறகடுப்பு எரியும் ஒரு ஓட்டு வீட்டில், அல்லது அங்கிருந்து பஸ் ஏறிப் போகிற கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பக்கத்துக் குடிசையில், அது எத்தனை மாதம் உழைக்கும்? பட்டணத்துக் கடைக்காரர் உள்ளே வைக்கும் சீட்டில் இதற்குப் பதில் இராது. ஆகவே இந்த இதழில் அதைச் சற்று விவரமாக எழுதுகிறோம்.

பொய்முடி நம் ஜனங்களுக்குப் புதிது அல்ல. இந்தப் பகுதி தெருக்கூத்துக்குப் பேர்போனது. ஆண்கள் பெண் வேஷம் கட்டும்போது சவுரி வைத்துப் பின்னிக்கொள்வதைச் சிறு பிள்ளையும் அறியும். கலியாணப் பெண்ணுக்கும், பரதநாட்டியம் ஆடும் பெண்பிள்ளைக்கும் சவுரி இல்லாமல் நீண்ட சடை ஏது? தலை வாரும்போது சீப்பில் சிக்கும் முடியைப் பாட்டிமார் சுருட்டி எரவாணத்தில் செருகி வைப்பார்கள். முடி வாங்குகிறவர் தெருவில் குரல் கொடுத்து வந்தால் அதைக் கொடுத்து ஊசியோ, ஹேர்பின்னோ, கொஞ்சம் அதிகமிருந்தால் ஒரு எவர்சில்வர் கிண்ணமோ வாங்கிக்கொள்வார்கள். அந்த முடிதான் சிக்கெடுக்கப்பட்டுச் சவுரியாகிறது.

சவுரிக்கு உதவும் அந்தச் சீப்பு முடி, நல்ல விக்குக்கு ஏன் அவ்வளவாக உதவாது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முடியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள், ஓடு வேய்ந்தது போல, வேரிலிருந்து நுனியை நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. எல்லா முடியும் ஒரே திசையில் இருந்தால் வழுக்கிக்கொண்டு நிற்கும். சீப்பில் சுருண்ட முடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்துவிடுகின்றன. செதிலோடு செதில் மாட்டிச் சிக்கு விழுகிறது. தொழிற்சாலையில் இந்தச் செதில்களை அமிலத்தில் கரைத்து, மேலே சிலிக்கோன் பூசிப் பளபளப்பாக்குகிறார்கள். பத்துப் பதினைந்து தடவை அலசினால் பூச்சு போய்விடும். பிறகு அது வைக்கோல்தான். திருப்பதி, பழனி போன்ற கோயில்களில் காணிக்கையாக இறக்கப்படும் முடி ஏலத்தில் நல்ல விலைக்குப் போவதற்கும், நம் பெண்கள் சடையாகவே கத்தரித்துக் கொடுப்பது மதிப்புள்ளதாக இருப்பதற்கும் காரணம் இதுவே: வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம்.

விக் இரண்டு வகை. ஒன்று மனித முடி. வலைத்துணியில் ஆயிரக்கணக்கான முடிச்சுகளாகக் கட்டப்பட்டது. மற்றொன்று பிளாஸ்டிக் இழை, அதாவது செயற்கை முடி. செயற்கை விக் விலை குறைவு, எடை குறைவு, அலசினாலும் தன் வடிவத்துக்குத் திரும்பிவிடும். தினமும் அணிந்தால் சுமார் 4 முதல் 6 மாதம் தாங்கும். மனித முடி விக் ஒழுங்காகப் பேணினால் ஒரு வருஷத்துக்கு மேலும் வரும். சிகிச்சைக் காலத்துக்கு மட்டும் என்றால் செயற்கை முடியே போதும் என்பது எங்கள் எண்ணம். ஆனால் அதற்கு ஒரு சத்துரு உண்டு, அது நெருப்பு.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கரும்பு வெட்டும் வேலை செய்துவந்த ஒரு சகோதரிக்கு எங்கோ ஓரிடத்தில் நல்ல செயற்கை விக் கிடைத்தது. மூன்றாவது வாரம் அடுப்பை ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தபோது, நெற்றிப் பக்கத்து முடி தீப்பற்றாமலே சூட்டில் சுருண்டு, பொரிந்ததுபோல் ஆகிவிட்டது. அந்த அம்மாள் அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டார். அடுத்த ஊசி போடும் தேதிக்கு அவர் போகவில்லை. ஊர் ஊராகப் போகும் எங்கள் சகோதரி ஒருவர் வீடு தேடிப் போய்க் கேட்டபோது, “இனாமாக் குடுத்ததக் கெடுத்துப்புட்டேன், திட்டுவாங்கம்மா” என்று அழுதாராம். மொட்டைத் தலையோடு பஸ்ஸில் ஜிப்மர் வரைக்கும் போக வெட்கம் ஒரு பக்கம், இந்தப் பயம் ஒரு பக்கம். மருந்தோ பெரும்பாலும் 3 வாரத்துக்கு ஒரு முறை குறித்த நாளில் ஏற்றப்பட வேண்டியது. தள்ளிப் போட்டால் நோய்க்குத்தான் இடம் கொடுக்கிறோம். அடுப்பண்டை போகும்போது கழற்றி வை என்று முதல் நாளே ஒருவர் சொல்லியிருந்தால் இது நேர்ந்திராது. கத்தரிக்கோலால் முன்முடியை ஒரு அங்குலம் குறைத்ததும் அதே விக் மறுபடி உபயோகமாயிற்று. அந்த அம்மாளும் தொடர்ந்து சிகிச்சைக்குப் போனார்.

ஆகவே முதல் பாடம் அடுப்பு. சமைக்கும்போது விக் வேண்டாம்; பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம். சோற்றுப் பானையின் மூடியைத் திறக்கும்போது வரும் ஆவியும், இஸ்திரிப் பெட்டியின் சூடும், பிள்ளைகளின் மத்தாப்பும் செயற்கை முடியைக் கெடுக்கும். மனித முடி அவ்வளவு எளிதில் சுருளாது. ஆனால் புகை நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது எண்ணெய். இதைச் சொன்னால் நம் தாய்மார் நம்பவே மாட்டார்கள். எண்ணெய் வைக்காத தலை தலையா என்பார்கள். நம் தலைமுடிக்கு வேரடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. விக்கின் முடிக்கு வேரும் இல்லை, சுரப்பியும் இல்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றினால் அது இழுத்துக்கொள்கிறது போலத் தோன்றும். உண்மையில் கீழே இறங்கி வலைத்துணியில் தங்கி, முடிச்சுகளை நெகிழச் செய்து, புழுதியைப் பிடித்து வைக்கும். செயற்கை முடிக்கு எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம். மனித முடி வறண்டு போனால், அலசிய பிறகு நுனிப் பகுதியில் மட்டும் கண்டிஷனர் தடவி அலசிவிட வேண்டும். வலைத்துணியின் பக்கம் அதைக் கொண்டு போகக் கூடாது.

அலசுவது எப்படி? நம் வெயிலுக்கும் வியர்வைக்கும், தினமும் அணிகிறவர்கள் வாரத்துக்கு ஒரு முறையோ 10 நாளுக்கு ஒரு முறையோ அலசுவது நல்லது. முதலில் பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து சிக்கெடுக்க வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் முடிச்சோடு கையில் வந்துவிடும். ஒரு பக்கெட் பச்சைத் தண்ணீரில் மென்மையான ஷாம்பூவைக் கொஞ்சம் கரைத்து, விக்கை அதில் அமிழ்த்தி மெல்ல ஆட்டி எடுக்க வேண்டும். துணி துவைப்பதுபோல் கசக்குவதும் முறுக்குவதும் ஆகாது. துணி சோப்பும் ஆகாது. சீயக்காய்த் தூளின் சக்கை வலைத்துணியில் மாட்டிக்கொள்ளும், அதையும் விட்டுவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊர்களில் கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரையோ குடிதண்ணீரையோ எடுத்துக்கொள்ளலாம். உப்பு படிந்தால் முடி சொரசொரப்பாகிவிடும். பிறகு துண்டில் வைத்து ஒற்றி எடுத்து, கவிழ்த்து வைத்த ஒரு தூக்குவாளியின் மேல் நிழலில் காயவிட வேண்டும். மலை ஊர்களில் மழைக் காலத்தில் ஒன்றரை நாளும் ஆகும். அவசரப்பட்டு அடுப்பு மேட்டில் வைத்துவிடக் கூடாது, வெயிலிலும் போடக் கூடாது. ஈரத்தோடு சீவவும் வேண்டாம்.

தூங்கும்போது கழற்றி வைக்க வேண்டும். கழற்றியதை ஆணியில் மாட்டினால் வலை இழுபட்டுத் தொளதொளத்துப் போகும். எலி இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. மூடியுள்ள பாத்திரத்தில், காய்ந்த பிறகு வைப்பதே உத்தமம்.

பூ வைத்துக்கொள்ளலாமா என்பது அநேகமாக எல்லாரும் கேட்கும் கேள்வி. தாராளமாக வைத்துக்கொள்ளலாம், அதற்காகத்தானே விக்கே கேட்கிறார்கள். ஆனால் ஈரம் சொட்டும் மல்லிகைச் சரத்தை ஹேர்பின்னால் வலைத்துணியில் குத்தினால் வலை கிழியும். சடையைப் பின்னி, சடையிலேயே பூவைக் கட்டிவிட வேண்டும்.

விக்கைவிட அதன் கீழே இருக்கும் தோல்தான் பிரதானம். மருந்து ஏற்றிய 2, 3 வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும். அப்போது தலைத்தோல் தொட்டாலே வலிக்கும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி ஒன்று போட்டு அதன்மேல் அணிந்தால் உறுத்தாது, வியர்வையும் விக்கில் ஏறாது. இரண்டு தொப்பி இருந்தால் ஒன்று துவைத்துக் காயும். மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாளுக்குள் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். சிறு புண்ணும் பெரிதாகலாம். தலையில் கொப்புளமோ சீழோ கண்டால் விக்கை நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருப்பது, மலையிலிருந்து வருகிறவர்களுக்கு இவ்விதத்தில் பெரிய ஆறுதல்.

முடி கொடுக்க விரும்புகிற பிள்ளைகளுக்கு: நன்றாக அலசி முழுவதும் உலர்ந்த முடியை, மேலும் கீழும் ரப்பர் பேண்டால் இறுகக் கட்டி, மேல் கட்டுக்கு மேலே கத்தரிக்க வேண்டும். தரையில் விழுந்ததைப் பொறுக்கிச் சேர்க்கக் கூடாது. காரணம் மேலே சொன்னோம். குறைந்த நீளம் 8 அங்குலம் என்பாரும் உண்டு, 12 அங்குலம் என்பாரும் உண்டு. சாயம் போட்ட முடியைப் பல இடங்களில் வாங்குவதில்லை. முதலில் கேட்டுவிட்டுக் கத்தரியுங்கள். ஒரு விக்குக்குப் பலருடைய சடை வேண்டியிருப்பதால், ஒருத்தியின் முடி ஒருத்திக்கே போய்ச் சேரும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். கேரளத்தில் திருச்சூரிலுள்ள அமலா மருத்துவமனையும், சென்னையில் செரியன் பவுண்டேஷனும் இவ்விதம் முடி சேகரித்துப் புற்றுநோயாளிகளுக்கு இலவசமாக விக் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

பணமாகக் கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுவோம். விக்கோடுகூட ஒரு பெரிய பல் சீப்பும், இரண்டு பருத்தித் தொப்பியும், ஒரு சிறிய ஷாம்பூ பாட்டிலும் சேர்ந்தே போகட்டும். இவற்றின் விலை விக்கின் விலையில் சிறு பங்குதான். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அலசும் முறையை ஒரு முறை கையால் செய்து காட்டிவிடுவதற்குச் சமமான சீட்டு கிடையாது. உடன் வந்த மகளோ மருமகளோ பக்கத்தில் நின்று பார்ப்பது இன்னும் நல்லது. விக் வேண்டாம், முந்தானையே போதும் என்கிற சகோதரிகளும் இருக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தாதீர்கள்.

மருந்து முடிந்த சில வாரங்களில் தலையில் பூனை மயிர்போல் அரும்பும். 3 முதல் 6 மாதத்தில் தலை மூடுமளவு வளர்ந்துவிடும். தலைக்கே அதிகக் கதிர்வீச்சு கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்த இடத்தில் முடி வராமலும் போகலாம். அதன்பின் மனித முடி விக் நல்ல நிலையில் இருந்தால் வேறொருவருக்குக் கொடுக்கலாம். மேற்சொன்னபடி அலசி, உலர்த்தி, பையில் கட்டி இரண்டு வாரம் வைத்துவிட்டால் போதும். தலையை விட்டு இறங்கிய பேன் இரண்டொரு நாளுக்கு மேல் பிழைக்காது. செயற்கை விக் அதற்குள் தேய்ந்துபோயிருக்கும், அதை மற்றவருக்குக் கொடுக்க வேண்டாம். புதிதாக வரும் முடி சிலருக்கு முதலில் சுருட்டையாகவும், சிலருக்கு நிறம் மாறியும் வளரும். அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டதோ என்று கலங்கிக் கேட்கிறவர்கள் உண்டு. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலானவர்களுக்கு நாளடைவில் பழைய மாதிரியே ஆகிவிடும்.