தளர்ந்தாலும் தீது, இறுகினாலும் தீது

மாணவர்களே! மிதிவண்டியின் சங்கிலி தளர்ந்தால் என்ன நிகழும்? பற்சக்கரத்தை விட்டு நழுவிவிடும். மிகவும் இறுகினால் மிதிப்பது கடினமாகும். சங்கிலியும் விரைவில் தேய்ந்துவிடும். போர்க்களத்திற்குச் செல்லும் பீரங்கி வண்டிக்கும் இதுவே நிலை.

பாலக்காட்டிலிருந்து சென்னை சென்ட்ரலுக்குச் செல்லும் இரயில், பயணத்தின் இறுதியில் ஆவடியைக் கடக்கும். அவ்வூரில் கனரக ஊர்தித் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. அங்குள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்ததே 'அர்ஜுன்' பீரங்கி வண்டி. அதன் முதல் வகையின் எடை ஏறத்தாழ 58 டன். நான்கு வீரர்கள் அதனுள் அமர்ந்து செல்வர்.

இத்துணை எடையுள்ள வண்டி டயர்களில் ஓடினால் மணலில் புதைந்துவிடும். ஆதலால் இருபுறமும் நீண்ட இரும்புப் பட்டைகள் பொருத்தப்பெற்றுள்ளன. அவை எடையைப் பரந்த நிலத்தின்மீது பகிர்ந்தளிக்கின்றன. பக்கத்திற்கு ஏழு தாங்குசக்கரங்கள் அப்பட்டையின்மீது உருள்கின்றன.

போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் செல்வோர் மலைப்பாதையின் குலுக்கலை நன்கு அறிவர். அக்குலுக்கலைக் குறைக்க வண்டிகளில் எஃகு வில்கள் உண்டு. அர்ஜுனில் அவ்வேலையை நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் செய்கின்றன. சக்கரம் கல்லின்மீது ஏறும்போது உந்துதண்டு எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் வாயுவை அழுத்தும். அழுந்திய வாயு விரிந்து சக்கரத்தை மீண்டும் கீழே தள்ளும். எண்ணெய் சிறு துளை வழியே செல்வதால் ஆட்டம் விரைவில் அடங்கும்.

இவ்வமைப்பு அதிர்ச்சி நேர்ந்த பின்னரே செயற்படும். இதனினும் மேம்பட்டது 'செயலூக்கத் தாங்கமைப்பு'. அதில் உணரிகள் மேடுபள்ளத்தின் விளைவை அளக்கும்; கணினி கட்டளையிடும்; எக்கி வேண்டிய அளவு எண்ணெயைச் செலுத்திச் சக்கரத்தை உயர்த்தும் அல்லது தாழ்த்தும்.

சக்கரங்கள் ஏறி இறங்கும்போது பட்டை சுற்றிவரும் வழியின் நீளமும் மாறும். அப்பொழுது பட்டையில் தொய்வு உண்டாகலாம். முன்னுள்ள வழிகாட்டுச் சக்கரத்தை முன்தள்ளினால் பட்டை இறுகும், பின்னிழுத்தால் தளரும். ஓடும்போதே இவ்விழுவிசையைத் தானாகச் சீர்செய்யும் கருவிகளும் உள.

இஃது ஏன் இன்றியமையாதது? பட்டை கழன்ற வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கவசத்தின் பாதுகாப்பை விட்டு வீரர்கள் வெளியே இறங்கி, பளுவான பட்டையை மீண்டும் மாட்ட வேண்டும். பகைவர் அருகில் இருப்பின் அவர்தம் உயிருக்கே இடர் நேரும். இழுவிசையின் அளவு நால்வரின் உயிரோடு தொடர்புடையது என்பதை உணர்க.

அருஞ்சொற்பொருள்
இழுவிசை – இழுக்கும் விசை
தொய்வு – தளர்ச்சி
எக்கி – நீர்மத்தை உந்தும் கருவி

வினாக்கள்
1. பீரங்கி வண்டிக்கு இரும்புப் பட்டை ஏன் தேவை?
2. வாயுவும் எண்ணெயும் குலுக்கலை எவ்வாறு குறைக்கின்றன?
3. பட்டை கழன்றால் வீரர்களுக்கு நேரும் இடர் யாது?

செயல்பாடு
நின்றிருக்கும் மிதிவண்டியின் சங்கிலி இறுக்கத்தைப் பெரியவர் ஒருவர் துணையுடன் நோக்குக. கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.