நான்கு சக்கரம் இருந்தும் டிராக்டர் ஏன் கவிழ்கிறது?

டிராக்டர் என்றதும் நம் கண்முன் தோன்றுவது சேறும் உழவுமான வயல்தான். உழவைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவர் தம் வீட்டு வேலைக்கென்றே ஒரு டிராக்டர் வாங்கி வைத்திருக்கிறார் என்றால் நம்புவீர்களா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இது சாதாரணக் காட்சி. நகரத்தை விட்டு விலகி, ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் நிலத்தின் நடுவே வீடு கட்டிக்கொண்டு வாழும் குடும்பங்கள் அங்கு ஏராளம். கோடையில் வீட்டைச் சுற்றி வளரும் புல்லை வாரந்தோறும் வெட்ட வேண்டும். சரளைக்கல் பாதையைச் சமன்செய்ய வேண்டும். குளிர்காலத்தில் பனியைத் தள்ள வேண்டும்; விறகு சுமக்க வேண்டும்; புயலில் சாய்ந்த மரத்தை இழுக்க வேண்டும். இத்தனை வேலைகளுக்கும் அவர்கள் நம்புவது 20 முதல் 40 குதிரைத்திறன் வரையுள்ள சிறு டிராக்டரை.

இவ்வகைச் சிறு டிராக்டர்கள் ஜப்பானின் சிறு வயல்களுக்காக வளர்ந்தவை. 1969இல் குபோட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் 21 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. பெரிய பண்ணைகளுக்குப் பழகிய அந்நாட்டில், சிறு நிலக்காரர்கள் அதை விரும்பி வாங்கினர். இன்று பல நிறுவனங்கள் இத்தகைய வண்டிகளை விற்கின்றன. நம் ஊர்த் தென்னந்தோப்புகளில் மர வரிசைகளுக்கிடையே ஓடும் ‘மினி டிராக்டர்’ இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஆனால் இந்தச் செய்திக்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு. அமெரிக்கப் பண்ணைகளில் நேரும் மரணங்களுக்கு முதன்மையான காரணம் டிராக்டர் கவிழ்வதே. இதைப் பற்றி வகுப்பில் பேசியபோது ஒரு மாணவர் எழுந்து, “இரண்டு சக்கர சைக்கிள் கவிழலாம் சார். நான்கு சக்கரம் உள்ள டிராக்டர் ஏன் கவிழ வேண்டும்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. விடையைத் தேடுவோம், வாருங்கள்.

நான்கு அல்ல, மூன்று!

எந்தப் பொருளும் தன் ஈர்ப்பு மையத்திலிருந்து வரையப்படும் செங்குத்துக்கோடு அதன் அடிப்பரப்புக்குள் விழும்வரை கவிழாது. கோடு வெளியே விழுந்தால் கவிழும். இது பள்ளியிலேயே நாம் படித்த பாடம். டிராக்டரின் அடிப்பரப்பு எது? நான்கு சக்கரங்களையும் இணைக்கும் செவ்வகம் என்றுதான் யாரும் சொல்வார்கள். அது தவறு!

டிராக்டரின் முன்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். முன் அச்சு வண்டியின் உடலோடு இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. நடுவில் ஒரே ஒரு முளையில் தொங்கி, தராசுக் கோல்போல இருபுறமும் ஏறி இறங்கும். மேடு பள்ளத்தில் நான்கு சக்கரங்களும் தரையைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இதனால் வண்டி பக்கவாட்டில் சாயத் தொடங்கும்போது முன் சக்கரங்கள் அதைத் தாங்குவதில்லை. உண்மையான அடிப்பரப்பு ஒரு முக்கோணம்: பின்னால் இரண்டு சக்கரங்கள், முன்னால் நடு முளை. டிராக்டர் நிற்பது நாற்காலிபோல அல்ல, முக்காலிபோல!

இதை எண்களால் பார்ப்போம். ஒரு கற்பனை டிராக்டரை எடுத்துக்கொள்வோம். ஓட்டுபவரையும் சேர்த்து அதன் நிறை 800 கிலோகிராம். பின் சக்கரங்களுக்கிடையே 1 மீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.5 மீட்டர். ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.5 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 0.6 மீட்டர் உயரத்தில்.

அடிப்பரப்பு செவ்வகமாக இருந்தால், ஈர்ப்பு மையத்திலிருந்து பக்க விளிம்பு அரை மீட்டர் தூரத்தில் இருக்கும். 0.5ஐ 0.6ஆல் வகுத்தால் கிடைப்பது கவிழும் கோணத்தின் டேஞ்சன்ட். கோணம் 40 டிகிரி. முக்கோணமாக இருப்பதால் அந்தத் தூரம் 0.33 மீட்டராகச் சுருங்குகிறது. கோணம் 29 டிகிரியாகக் குறைகிறது. கணக்கைச் சற்று எளிமையாக்கியிருக்கிறேன். ஆயினும் பாடம் மாறாது. நான்கு சக்கரங்களைப் பார்த்து நாம் கொள்ளும் தைரியத்தில் பதினொரு டிகிரி பொய்!

இதுவும் வண்டி அசையாமல் நிற்கும்போதுதான். மேட்டுப்புறச் சக்கரம் ஒரு கல்லின்மேல் ஏறினாலோ, பள்ளப்புறச் சக்கரம் எலிவளையில் இறங்கினாலோ சரிவு நொடியில் கூடிவிடும். ஆகவே சரிவில் குறுக்கே ஓட்டாமல், மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும் என்பது அனுபவசாலிகளின் விதி.

தூக்கிய கையில் ஆபத்து

இந்தச் சிறு டிராக்டர்களின் முன்னால் இரு இரும்புக் கைகளும் ஒரு தொட்டியும் பொருத்துவது வழக்கம். மண்ணையும் சரளையையும் அள்ளித் தூக்குவதற்கு இது உதவும். நம் டிராக்டர் 200 கிலோ மண்ணை 1.8 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதாகக் கொள்வோம். தொட்டி பின் அச்சிலிருந்து 2.4 மீட்டர் முன்னால் இருக்கிறது. இப்போது ஈர்ப்பு மையம் எங்கே?

திருப்புத்திறன்களைக் கூட்டிப் பாருங்கள். உயரம் 0.6 மீட்டரிலிருந்து 0.84 மீட்டராகிறது. அதோடு மையம் முன்னோக்கியும் நகர்ந்து, பின் அச்சிலிருந்து 0.88 மீட்டருக்குப் போய்விடுகிறது. முக்கோணம் முன்னால் குறுகிக்கொண்டே போவதை மறக்காதீர்கள். அந்த இடத்தில் விளிம்பு 0.21 மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. கவிழும் கோணம் என்ன ஆயிற்று? 14 டிகிரி! பாதிக்கும் கீழே.

அதே மண்ணைத் தரையிலிருந்து 0.3 மீட்டர் உயரத்தில் தாழ்த்திப் பிடித்தால் கோணம் 21 டிகிரியாக ஏறுகிறது. அத்துடன் பின் அச்சுக்கு 0.75 மீட்டர் பின்னால், அரை மீட்டர் உயரத்தில் 200 கிலோ எதிர் எடை ஒன்றைக் கட்டினால் மீண்டும் 29 டிகிரி கிடைத்துவிடுகிறது. எடை கூடினால் வண்டி மோசமாகும் என்று நினைக்கிறோம். எந்த இடத்தில் கூடுகிறது என்பதல்லவா கேள்வி!

எதிர் எடையால் இன்னொரு நன்மை உண்டு. பெரும்பாலான சிறு டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களில் மட்டுமே உள்ளது. சுமை இல்லாதபோது நம் டிராக்டரின் பின் சக்கரங்கள் 533 கிலோவைத் தாங்கின. தொட்டி நிறைந்ததும் அது 413 ஆகிறது. தரையை அழுத்தும் எடை குறைந்தால் உராய்வும் குறையும். இறக்கத்தில் எடை இன்னும் முன்னோக்கிச் சாயும். அப்போது பிரேக்கை மிதித்தால் பின் சக்கரங்கள் நிற்கும். வண்டி நிற்காது, வழுக்கும்! இறக்கத்தில் நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டிக்கொண்டால் முன் சக்கரங்களும் பிரேக்குக்குத் துணைவரும்.

எடைக்காகச் சிலர் பின் டயர்களுக்குள் திரவம் நிரப்புவதும் உண்டு. கால்சியம் குளோரைடு கரைசல் பழைய முறை. குளிரில் எளிதில் உறையாது, ஆனால் இரும்பை அரிக்கும். சர்க்கரைக் கிழங்குச் சாற்றையும் இப்போது நிரப்புகிறார்கள்.

பின்னால் புரளும் வண்டி

பக்கவாட்டில் கவிழ்வதைவிடக் கொடியது பின்னோக்கிப் புரள்வது. 25 குதிரைத்திறன் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். அதன் முறுக்கு விசை சுமார் 71 நியூட்டன்-மீட்டர். குறைந்த கியரில் சக்கரத்தின் சுழற்சி நூறில் ஒரு பங்காகும்போது, உராய்வு இழப்பைத் தள்ளிவைத்தால், அச்சில் கிடைக்கும் முறுக்கு விசை 7,100 நியூட்டன்-மீட்டர். நம் டிராக்டரின் முன்பக்கத்தைத் தூக்க எவ்வளவு தேவை? 800 கிலோகிராமின் எடையை 0.5 மீட்டரால் பெருக்குங்கள்: சுமார் 3,900 நியூட்டன்-மீட்டர். எஞ்சினிடம் இருப்பது அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு!

அப்படியானால் ஒவ்வொரு முறையும் டிராக்டர் ஏன் குதிரைபோல் எழுந்து நிற்பதில்லை? பின் சக்கரம் உருண்டுவிடுகிறது, அல்லது வழுக்கிவிடுகிறது. அந்த வழுக்கலே நம்மைக் காக்கும் பாதுகாப்பு வால்வு. சக்கரம் சேற்றில் புதைந்தோ கட்டைக்கு முட்டுக்கொடுத்தோ சுழல முடியாமல் நின்றால், அச்சைச் சுற்றி வண்டியின் உடலே சுழலத் தொடங்கும்.

மரக்கட்டையின் வேரைச் சங்கிலியால் இழுக்கும்போதும் இதுவே நடக்கிறது. சங்கிலியை இருக்கைக்கு அருகே 0.8 மீட்டர் உயரத்தில் கட்டினால், 500 கிலோ எடைக்குச் சமமான இழுப்பிலேயே முன் சக்கரங்கள் தரையைவிட்டு எழும். நல்ல தரையில் பின் சக்கரங்களால் 560 கிலோ அளவுக்கு இழுக்க முடியும். ஆகவே வழுக்குமுன் வண்டி புரண்டுவிடும். அதே சங்கிலியை அச்சுக்குக் கீழே, 0.3 மீட்டர் உயரத்திலுள்ள இழுகம்பியில் கட்டுங்கள். இப்போது புரட்ட 1,333 கிலோ இழுப்பு வேண்டும். அதற்கு வெகுமுன்பே சக்கரம் வழுக்கிவிடும். உயிருக்கும் சாவுக்கும் இடையே அரை மீட்டர்!

வண்டி பின்னோக்கி எழத் தொடங்கினால், மீள முடியாத நிலையை அடைய முக்கால் நொடி போதும். ஓட்டுபவர் ஆபத்தை உணர்ந்து கிளட்ச்சை மிதிப்பதற்குள் அந்த நேரம் கழிந்துவிடும்.

பழைய டிராக்டர்களில் ஏர் ஒரு பாறையில் சிக்கினாலே இந்த விபத்து நேர்ந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் மூன்று இணைப்புகளால் ஏரைப் பிணைக்கும் முறையை வகுத்தார். 1939இல் வெளிவந்த போர்டு-பெர்குசன் டிராக்டரில் அது இடம்பெற்றது. ஏர் தடைபட்டால் மேல் இணைப்பு முன்னோக்கித் தள்ளி, முன் சக்கரங்களைத் தரையில் அழுத்தும். இன்றைய சிறு டிராக்டர்களிலும் அந்த மூன்று இணைப்பு முறையே இருக்கிறது.

வளைவும் வேகமும்

சமதரையிலும் கவிழலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 4 மீட்டர் ஆரத்தில் திருப்பினால், வண்டிக்கு அது 24 டிகிரி சரிவில் நிற்பதற்குச் சமம். வேகத்தைப் பாதியாக்கினால் விளைவு கால் பங்காகிவிடும். சுமார் 6 டிகிரிதான். வேகத்தின் வர்க்கம் செய்யும் வேலை இது.

சுழலும் தண்டும் வெட்டும் அலகும்

டிராக்டரின் பின்னால் கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது. அதாவது நொடிக்கு 9 சுற்று. 7.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டில் ஒரு துணிமுனை சிக்கினால், ஒரு நொடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது அழகுக்கு அல்ல.

புல் வெட்டும் அலகோ இன்னும் வேகமானது. கத்தரிக்கோல்போல இரு அலகுகள் அங்கில்லை. புல்லைப் பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அது விலகிச் சாய்வதற்குள், அதன் சொந்த நிலைமமே அதைப் பிடித்துக்கொள்ள, அலகு வெட்டிவிடுகிறது. இதற்கு வேகம் வேண்டும். வீட்டுப் புல்வெட்டிகளின் அலகு முனைக்கு அமெரிக்கத் தரவிதி வகுத்துள்ள உச்ச வேகம் நிமிடத்துக்கு 19,000 அடி. ஏறக்குறைய மணிக்கு 350 கிலோமீட்டர். அலகில் பட்ட கூழாங்கல் என்னவாகும் என்று சொல்ல வேண்டுமா? குழந்தைகளை வெட்டும் இடத்தருகே விடக்கூடாது.

ஒரு வளைகம்பி செய்த அற்புதம்

கவிழ்வதை முற்றிலும் தடுக்க முடியாவிட்டால், கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் செய்யலாம் அல்லவா? இருக்கைக்குப் பின்னால் வலுவான எஃகு வளைவு ஒன்றை நிறுத்தினார்கள். வண்டி புரண்டால் அது தரையில் ஊன்றி, ஓட்டுபவருக்கு உயிர்வாழும் இடத்தை விட்டுவைக்கும். ஸ்வீடன் நாடு 1959இல் புதிய டிராக்டர்கள் அனைத்துக்கும் இதைக் கட்டாயமாக்கியது. அப்போது அங்கே ஆண்டுக்கு ஒரு லட்சம் டிராக்டர்களுக்கு 17 பேர் கவிழ்ந்து இறந்தனர். 1990இல் அது 0.3 ஆகிவிட்டது! அமெரிக்காவில் 1985இல் தயாரிப்பாளர்கள் தாமாகவே முன்வந்து, 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களில் இதைப் பொருத்த ஒப்புக்கொண்டனர்.

ஒன்று நினைவிருக்கட்டும். வளைவு நிமிர்ந்திருந்தால் இருக்கைப் பட்டையைக் கட்ட வேண்டும்; இல்லையேல் வண்டி புரளும்போது ஆள் வெளியே வீசப்பட்டு வளைவாலேயே நசுங்குவார். தாழ்ந்த மரக்கிளைக்காக வளைவை மடக்கியிருந்தால் பட்டை கட்டக்கூடாது. வண்டியோடு பிணைந்திருந்தால் தப்ப வழியில்லை. கிளையைக் கடந்ததும் வளைவை மறக்காமல் நிமிர்த்துவதே நல்லது.

நீங்களே செய்து பாருங்கள்

கெட்டியான ஒரு அட்டையின் அடியில் பின்புறம் இரு மூலைகளிலும், முன்புறம் நடுவிலும் ஒவ்வொரு சோடா மூடியை ஒட்டுங்கள். அட்டையின் பின்பகுதியில் ஒரு சிறு மரக்கட்டையை வைத்துக் கட்டுங்கள். வழுக்காமலிருக்க உப்புத்தாள் ஒட்டிய ஒரு பலகையின்மேல் அதைக் குறுக்காக நிறுத்தி, பலகையின் ஒரு விளிம்பை மெல்ல உயர்த்துங்கள். எந்தக் கோணத்தில் கவிழ்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டையைச் செங்குத்தாக நிறுத்தியும், முன்னால் நகர்த்தியும் அளந்து பாருங்கள். நான்கு மூலைகளிலும் மூடி ஒட்டியும் அளந்து ஒப்பிடுங்கள்.

உங்கள் ஊரில் டிராக்டர் ஓட்டும் அண்ணனோ மாமாவோ இருந்தால், அவரையும் அருகே அழைத்துக் காட்டுங்கள். தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்காமல் போகலாம். ஒரு வீட்டில் ஒருவர் மாலையில் பத்திரமாகத் திரும்பி வந்தால், இயற்பியல் படித்ததற்கு அதைவிட வேறென்ன பயன் வேண்டும்?