ஆறுவதற்கும் ஈரம் வேண்டும்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட பையன் ஒருவன் வருகிறான். "மூடாதே தம்பி, காத்தாட விடு. பக்கு கட்டினாத்தான் ஆறும்" என்கிறார்கள் எல்லாரும். நம் வீடுகளிலும் இதையேதான் சொல்லி வந்திருக்கிறோம். டீ ஆறுவதற்குள் இதை நிதானமாகப் பார்ப்போம்.

பக்கு என்பது உறைந்த ரத்தமும் கசிந்த நீரும் காய்ந்து இறுகிய மூடி. ஆனால் புதுத்தோல் அதிலிருந்து வளர்வதில்லை. காயத்தின் ஓரத்தில் இருக்கும் தோல் செல்கள்தாம் மெல்ல நகர்ந்து வந்து காயத்தை மூடுகின்றன. நாற்று நடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சேறு பதமாக இருந்தால் வேர் பிடிக்கும். வெடித்த நிலத்தில் பிடிக்குமா? காய்ந்த காயத்தில் இந்தச் செல்கள் பக்குக்கு அடியில் ஈரம் தேடிச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. ஆறுவது தள்ளிப்போவது அதனால்தான்.

இதை நேரில் பார்த்துச் சொன்னவர் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர். பன்றித் தோலில் சின்னக் காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றாட விட்டார். சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடினார். மூடிய காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. 1962இல் 'நேச்சர்' இதழில் இது வெளிவந்தது. இன்றைய நவீன டிரெசிங்குகள் இந்த எண்ணத்திலிருந்து வளர்ந்தவை.

ஈரம் வேண்டும் என்றால் ஊறப்போடுவது என்று பொருளில்லை. தண்ணீர் தேங்கினால் நாற்று அழுகிவிடும். அதனால் புண்ணைப் பார்த்து டிரெசிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காய்ந்த புண்ணுக்கு ஹைட்ரோஜெல்: ஊறவைத்த ஜவ்வரிசியைப்போல நீரைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும் பசை. நீர் வடியும் புண்ணுக்குக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்: வடிவதைக் குடித்துத் தானே கூழாகிவிடும். காய்ந்த காஸ் துணியைப்போல ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது புதுத்தோலையும் பிய்த்துக்கொண்டு வராது. கிருமி பிடித்த புண்ணுக்கு வெள்ளி கலந்த டிரெசிங் உண்டு. சேலத்துப் பட்டறைகளில் கொலுசாகிற அதே உலோகம்தான். ஈரத்தில் சிறிது சிறிதாகக் கரைந்து கிருமியைக் கொல்கிறது.

நம் மாநிலத்துக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், மாட்டிலிருந்து கொலாஜன் என்ற புரதத்தைப் பிரித்துத் தீக்காயத்துக்கான மெல்லிய படலமாக்கியது. நம் தோலுக்கும் வலுத் தருவது கொலாஜன்தான். பாகற்கொடி பந்தலைப் பற்றி ஏறுவதுபோல, புதுச் செல்கள் அந்தப் படலத்தைப் பற்றிப் படர்கின்றன.

சின்னச் சிராய்ப்பு என்றால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சுத்தமான பேண்டேஜால் மூடுங்கள். நனைந்தாலோ அழுக்கானாலோ மாற்றுங்கள். காப்பித்தூள், சாம்பல் வேண்டாம். ஆழமான வெட்டு, சீழ், நாற்றம், சர்க்கரை நோயாளியின் காலில் புண் என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள். அந்தப் பையனின் முழங்காலை நாம் கழுவி, மூடி அனுப்புவோம்.