வாணலியோரம் – 9: தடி பிண்டி

போன வாரம் சீடை வெடித்த கதை. இந்த வாரப் பண்டம் வெடிக்காது. ஆனால் சைனிக்புரிக்குக் குடிவந்த முதல் மார்கழியில் என்னை அழவைத்தது அதுதான். கை முறுக்கு.

படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக எழுந்த குடியிருப்பு இது. பெயரிலேயே சிப்பாய் நிற்கிறார். கொஞ்சம் நடந்தால் ஏ.எஸ்.ராவ் நகர், 1967-ல் ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தைத் தொடங்கியவரின் பெயர் அது. கடைத்தெருவில் வெண்ணெய், வெள்ளை உளுந்து, கட்டிப் பெருங்காயம் எல்லாம் கிடைத்தன. ஈர மாவு மட்டும் கிடைக்கவில்லை. ஊறவைத்து வடித்த அரிசியோடு கிர்னிக்குப் போனேன் (மாவு மில்லுக்கு இங்கே அதுதான் பெயர்). கல்லில் அப்பிக்கொள்ளும், காயவைத்து எடுத்து வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரி, பாக்கெட் மாவே போதும் என்று உட்கார்ந்தேன். ஒரு சுற்று முடிவதற்குள் இழை மூன்று இடத்தில் அறுந்தது. வெண்ணெய் போதவில்லையோ என்று இன்னும் ஒரு கரண்டி போட்டேன். இழை வந்தது, எண்ணெயில் விழுந்ததும் முறுக்கு நுரைத்து, பிரிந்து, மணலாக அடியில் படிந்தது. உளுந்தைக் கூட்டினேன். அது கல்லாகிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கரீம்நகர்ப் பக்கம். மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தே மாவைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பொடி பிண்டி காதம்மா, தடி பிண்டி காவாலி.” உலர்ந்த மாவில் ஆகாது, ஈர மாவு வேண்டும். சங்கராந்திக்கு முந்தின வாரம் போ, எந்த கிர்னியும் மாட்டேன் என்று சொல்லாது என்றார். காரணம், சகினாலு. அந்த ஒரு வாரம் தெலங்கானாவே அரிசியை ஊறவைக்கிறது.

சகினாலுவை முதன்முதலாகப் பார்த்தபோது நம் கை முறுக்கு வேறு வீட்டில் வளர்ந்ததுபோல் இருந்தது. அதே விரல் முறுக்கல், அதே வட்டத்துக்குள் வட்டம். நம்மிடம் சீர் முறுக்கு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது போல, அங்கே சகினாலுவும் பெண் வீட்டில் இருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகிறது. ஆனால் அதில் வெண்ணெய் கிடையாது, உளுந்து கிடையாது. அரிசி, எள், வாமு என்கிற ஓமம், உப்பு, தண்ணீர். அவ்வளவுதான்.

எனக்குக் கண் திறந்தது அங்கேதான். இழை அறுந்த பழியை இத்தனை நாளும் வெண்ணெய் மீதும் உளுந்து மீதும் போட்டுக்கொண்டிருந்தேன். அவை கரகரப்புக்கும் மணத்துக்கும்தான். இழையைப் பிடித்து நிறுத்துவது ஈரத்தில் அரைபட்ட அரிசி. ஊறிய அரிசி மென்மையாக உடைந்து நைசாகிறது. கோதுமை போல இழுபடும் பசை அரிசியில் இல்லாததால், அந்த நைசை விட்டால் வேறு பிடிமானம் இல்லை.

அந்த வாரம் செய்தது இது. பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணிமேல் பரப்பினேன். அள்ளினால் கையில் ஒட்டவேண்டும். கையை நனைக்கக் கூடாது. அரைத்துச் சலித்த மாவு நாலு டம்ளருக்கு, வறுத்து அரைத்த உளுந்து மாவு கால் டம்ளர், வெண்ணெய் அதே அளவு, சீரகம், பெருங்காயம், உப்பு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசைந்தேன்.

ஒரு எச்சரிக்கை. தக்காணத்துக் காற்று வறண்டது. சென்னையில் பிசைந்த மாவு அரை மணி நேரம் பொறுக்கும். இங்கே பத்து நிமிஷத்தில் மேலே தோல் கட்டி, சுற்றும்போது வெடிப்பு விடுகிறது. ஈரத்துணியால் மூடி, ஒரு பிடி ஒரு பிடியாகத்தான் எடுக்கவேண்டும். அதற்கு ஈடாக, செய்த முறுக்கு சீக்கிரம் நமுத்துப்போவதில்லை. இந்த விஷயத்தில் மட்டும் நான் சைனிக்புரி கட்சி.

அக்கா பழைய வேட்டி ஒன்றை விரித்தார். ஒரு பாதியில் அவர் சகினாலு, மறு பாதியில் என் முறுக்கு. எண்ணெய் தொட்ட பாட்டில் மூடியை நடுவில் வைத்து, அதைச் சுற்றியே முதல் சுற்றைத் தொடங்கினேன். அவருக்கு மூடி தேவைப்படவில்லை. நான் மூன்று முடிப்பதற்குள் பத்துக்கு மேல் போட்டுவிட்டார். வேட்டி மேல்ஈரத்தை உறிஞ்சிய பிறகு, தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்து மிதமான தீயில் விட்டோம். பொரியும்போது வரும் குமிழி அத்தனையும் மாவை விட்டுப் போகும் நீராவி. சலசலப்பு அடங்கினால்தான் ஈரம் போயிற்று என்று அர்த்தம். நிறத்தைப் பார்த்து எடுத்தால் நடுச்சுற்று மெத்தென்று நிற்கும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை, அரைவேக்காட்டில் எடுத்து ஆறவிட்டு மறுபடி பொரிப்பார்கள். வீட்டில் அவ்வளவு வேண்டாம். பொறுமை போதும்.

என் முறுக்கில் இரண்டு வட்டமாக வந்தன, மற்றவை முட்டை. அக்கா அதில் ஒன்றை உடைத்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். நான் காத்திருந்தேன்.

“வாமு மரிச்சிப்போயினவ்” என்றார். ஓமம் போட மறந்துவிட்டேனாம்.

(தொடரும்)